அறுவை அரங்கின் தூய்மை

கண்ணுக்குத் தெரியும் பகைவனைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பகைவனே கொடியவன். புலியைக் கண்டவன் விலகி ஓடுவான். பாம்பைக் கண்டவன் ஒதுங்கி நிற்பான். ஊசிமுனை அளவான இடத்தில் ஆயிரக்கணக்கில் தங்கும் நுண்ணுயிர்களை எவ்வாறு கண்டு விலகுவது? இயற்கை இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. மனித உடலைப் போர்த்தியுள்ள தோல், கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் கோட்டைச் சுவராக விளங்குகிறது. அச்சுவர் சிதையாமல் இருக்கும்வரை, அதன்மேல் வாழும் கிருமிகளால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால், அறுவை மருத்துவர் கத்தியைக் கையில் எடுக்கும்போது, நோயைத் தீர்க்கும் பொருட்டு அக்கோட்டைச் சுவரில் தாமே ஒரு வாயிலைத் திறக்கிறார். அவ்வாயில் வழியே மருத்துவரின் கருவி நுழையலாம். கிருமி நுழைதல் ஆகாது. இதற்காக மேற்கொள்ளப்படும் முன்னேற்பாடுகள் அனைத்தும் சேர்ந்ததே அறுவை அரங்கின் தூய்மை என்பது.

இத்தூய்மை ஒரே நாளில் தோன்றியது அன்று. முற்காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்தது. 1846-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், ஈதர் என்னும் மயக்க மருந்தின் பயன் பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் அறுவையின்போது நோயாளிக்கு வலி தெரியவில்லை. ஆயினும், அறுவைக்குப் பின் நேரும் சாவு குறையவில்லை. கத்தி பட்ட இடம் சில நாட்களில் சிவந்து வீங்கும், சீழ் பிடிக்கும், காய்ச்சல் மிகும், முடிவில் நோயாளி இறந்துபடுவார். கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்று மருத்துவர் பலர் நம்பினர். இரத்தக் கறை படிந்த மேலங்கியையே அவர்கள் நாள்தோறும் அணிந்தனர். ஒருவர் புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமலே அடுத்தவர் புண்ணையும் தொட்டனர்.

இவ்வழக்கத்தின் கொடுமையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஹங்கேரி நாட்டில் பிறந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். அவர் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே, மருத்துவர்கள் பேறு பார்க்கும் பகுதியில் தாய்மார் மிகுதியாக இறந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளுடன் மருத்துவர்கள் நேரே பேறுகால அறைக்கு வருவதே இதற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். 1847-ஆம் ஆண்டில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அனைவரும் கை கழுவியே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் 100 தாய்மாருக்கு 18 பேர் என்ற அளவில் இருந்த சாவு, ஜூன் திங்களில் ஏறத்தாழ 2 பேர் என்ற அளவிற்குக் குறைந்தது. எனினும், தங்கள் கைகளே சாவைச் சுமந்து வந்தன என்பதை ஒப்புக்கொள்ள மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸின் சொல் புறக்கணிக்கப்பட்டது. மனம் கலங்கிய அவர், 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் மனநோய் விடுதி ஒன்றில் காலமானார்.

அதற்கு முந்திய நாளில், ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மற்றொருவர் அதே போராட்டத்தை வேறொரு முறையில் தொடங்கியிருந்தார். அவரே ஜோசப் லிஸ்டர். பொருள்கள் புளிப்பதற்கும் அழுகுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் காட்டியிருந்தார். புண் சீழ்ப்பிடிப்பதும் அத்தகைய ஓர் அழுகலே என்று லிஸ்டர் எண்ணினார். அன்று, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். எலும்பு முறிவோடு தோலும் கிழிந்திருந்தது. அத்தகைய நிலையில் காலை வெட்டி எடுப்பதே அக்காலத்து வழக்கம். லிஸ்டர் அவ்வாறு செய்யாமல், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணைக் கட்டினார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் நலம் பெற்றான்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1867-ஆம் ஆண்டில், லிஸ்டரின் தமக்கை இசபெல்லாவின் மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி தோன்றியது. அக்காலத்தில் மார்பகத்தை அறுப்பது பெரும்பாலும் சாவில் முடிந்தமையால், அறுவைக்கு உடன்பட மருத்துவர்கள் தயங்கினர். லிஸ்டர் தம் இல்லத்திலேயே, தம் கையாலேயே அறுவை செய்தார். கருவிகள், கைகள், காயம் ஆகிய யாவற்றையும் கார்பாலிக் அமிலத்தால் தூய்மைப்படுத்தினார். காயம் சீழ்ப்பிடிக்காமல் ஆறியது. அந்நோய் பின்னர் வேறிடத்தில் பரவியதால் இசபெல்லா மறைந்தார் எனினும், அந்த அறுவைக்குப் பின் அவர் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். உடன்பிறந்தார் மேல் கத்தி வைக்கத் துணிந்தவருக்குத் துணை நின்றது தூய்மையில் அவர் கொண்டிருந்த நம்பிக்கையே ஆகும்.

லிஸ்டரின் முறை, காயத்தை அடைந்த கிருமியைக் கொல்லும் முறை. அவருக்குப் பின் வந்தவர்கள், கிருமி காயத்தை அடையாமலே தடுக்கும் முறையை வகுத்தனர். களஞ்சியத்தில் புகுந்த எலியை அடிப்பது ஒன்று. எலி புகாதவாறு களஞ்சியத்தைக் கட்டுவது மற்றொன்று. பின்னதே சிறந்தது அன்றோ? மேலும், கார்பாலிக் அமிலம் கிருமியைக் கொல்வதோடு மருத்துவர் தோலையும் நோயாளியின் திசுவையும் அரித்தது. 1879-ஆம் ஆண்டில், பாஸ்டரின் உடனுழைப்பாளரான சேம்பர்லாந்து, அழுத்தமிக்க நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவ் என்னும் கலத்தை உருவாக்கினார். 1880-களில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் பெர்க்மன், கருவிகளையும் துணிகளையும் நீராவியால் தூய்மை செய்யும் வழக்கத்தைப் பரப்பினார்.

கையுறை வந்த வரலாறும் அறியத்தக்கது. 1889-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை அரங்குச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினி பட்டுப் புண்ணாயின. அவருடைய கைகளைக் காக்கும் பொருட்டு, மருத்துவர் ஹால்ஸ்டெட் மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்வித்துத் தந்தார். செவிலியரைக் காக்க வந்த கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது பின்னரே புலனாயிற்று. அதன்பின் அறுவையில் பங்குகொள்வோர் அனைவரும் கையுறை அணிவது வழக்கமாயிற்று.

இனி, இன்றைய அறுவை அரங்கு எவ்வாறு அணியம் செய்யப்படுகிறது என்பதை ஒரு சிறிய அறுவையைக் கொண்டு விளக்கலாம். பெண் ஒருவரின் மார்பகத்தில் சிறு கட்டி தென்படுகிறது எனக் கொள்வோம். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும், அஃது எத்தகையது என்பதை உறுதியாக அறிந்தாலன்றி அவருக்கும் அவர் குடும்பத்தார்க்கும் அமைதி இல்லை. அதனை அறிவதற்குக் கட்டியின் திசுவை எடுத்து நுண்பெருக்கியின்கீழ் ஆராயவேண்டும். இச்சோதனையைப் பயாப்சி என்பர். திசு ஆய்வு எனவும் கூறலாம். இந்நாளில் முதலில் ஊசியின் வழியாகவே சிறிதளவு திசுவை எடுத்து ஆராய்வர். அவ்வாய்வு தெளிவான விடை தராதபோது, அறுவை அரங்கில் கட்டியை அறுத்தெடுத்து ஆராய்வர்.

இவ்வறுவை பெரியது அன்று. வெட்டும் இடமும் சில விரற்கடையளவே. ஆயினும், அறுவை சிறியதாகையால் ஏற்பாடும் சிறியதாக இருக்கலாம் என்று எண்ணுவது பெரும்பிழை. கிருமிக்குச் சிறு வாயிலும் பெருவாயிலே. கட்டி புற்றுநோயாக இருந்து, காயமும் சீழ்ப்பிடித்துவிட்டால், அடுத்து நிகழவேண்டிய சிகிச்சை தாமதப்படும். கட்டி தீங்கற்றதாக இருந்தாலோ, நலமாக வீடு திரும்பவேண்டியவர் வீணாகத் துன்புற நேரும்.

ஏற்பாடு அறையிலிருந்து தொடங்குகிறது. அறுவை அரங்கில் வேண்டாத பொருள் ஒன்றும் இருத்தல் கூடாது; பொருள் மிகுந்தால் தூசியும் மிகும். நாளின் முதல் அறுவைக்கு முன்னர், மேசைகள், விளக்குகள், கருவிகள் வைக்கும் தட்டுகள் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைப்பர். துடைக்கும்போது மேலிருந்து கீழாகவும், தூய இடத்திலிருந்து அழுக்கான இடத்தை நோக்கியும் துடைப்பர். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது இங்கே விலக்கப்பட்டது. ஏனெனில், அது தூசியை அகற்றுவதற்கு மாறாகக் காற்றில் எழுப்பிவிடும். அரங்கினுள் வடிகட்டிய காற்றே செலுத்தப்படுகிறது. வெளித் தாழ்வாரத்தைவிட உள்ளே காற்றழுத்தம் சற்று மிகுதியாக இருக்குமாறு அமைத்திருப்பர். அதனால், கதவு திறக்கும்போது உள்ளிருக்கும் தூய காற்று வெளியே செல்லுமேயன்றி, வெளிக்காற்று உள்ளே புகாது. கதவைத் திறந்தே வைத்திருந்தால் இவ்வமைப்பு பயனற்றுப்போகும். மனிதர் உடலிலிருந்து நுண்ணிய தோல் துகள்கள் எப்போதும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு கிருமிகளும் பரவுகின்றன. ஆதலின், அரங்கில் ஆட்கள் குறைவாக இருப்பதும், வீண்பேச்சும் வீண்நடையும் தவிர்ப்பதும் தூய்மையின் பகுதிகளே.

அடுத்தது கருவிகள். இவ்வறுவைக்கு வேண்டிய கருவிகள் பலவல்ல. சிறிய அலகு பொருத்திய கத்தி, மெல்லிய கத்தரிகள், திசுவைப் பிடிக்கும் இடுக்கிகள், இரத்தக் குழாயைப் பற்றி நிறுத்தும் கவ்விகள், தோலை விலக்கிப் பிடிக்கும் கொக்கிகள், ஊசி பிடிக்கும் கருவி, தையல் நூல், காஸ் துணித் துண்டுகள் ஆகியவை போதும். இரத்தக் கசிவை மின்னாற்றலால் சுட்டு நிறுத்தும் கருவியும் உடன் இருக்கும். இவற்றை முதலில் நன்றாகக் கழுவவேண்டும். இரத்தமும் அழுக்கும் உலர்ந்து படிந்த இடத்தில் நீராவி சென்று படாது. ஆகவே, கழுவாத கருவியை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் அதன் தூய்மையை நம்ப இயலாது. கத்தரி, இடுக்கி முதலியவற்றின் வாய்களைத் திறந்தே அடுக்குவர். மூடிய வாயினுள் ஆவி புகாது என்பதே காரணம். பின்னர்க் கருவிகளை இரட்டை உறையில் பொதிந்து ஆட்டோகிளேவினுள் வைப்பர்.

கொதிநீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். இவ்வெப்பம் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால், சில கிருமிகள் வித்து வடிவம் எடுத்து அவ்வெப்பத்தையும் தாங்கிக்கொள்ளும். நீராவியை மூடிய கலத்தில் அடைத்து, ஒரு சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம் மிகுதியாக ஏற்றினால், அதன் வெப்பம் 121 டிகிரியாக உயரும். வீட்டில் பிரஷர் குக்கர் விரைவில் பருப்பை வேகவைப்பதும் இவ்விதியாலேயே. அவ்வெப்பத்தில், பொதியின் வகைக்கேற்ப 15 முதல் 30 நிமிடம் வரை வைத்தால் வித்துகளும் அழியும். இன்னும் உயர்ந்த வெப்பமான 134 டிகிரியில் சில நிமிடங்களே போதுமான கலங்களும் உள்ளன. வெப்பத்தைத் தாங்காத கருவிகளை வேதிப்பொருள் வாயுக்களால் தூய்மை செய்வர்.

பொதியின்மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் வெப்பம் பட்டவுடன் கருங்கோடுகள் தோன்றும். ஆனால், அக்கோடுகள் பொதி கலத்தினுள் சென்று வந்தது என்பதை மட்டுமே காட்டும். உள்ளே ஆவி சென்றதா என்பதைக் காட்டமாட்டா. அதற்காகப் பொதியின் நடுவிலும் ஓர் அடையாளத்தாள் வைப்பர். கலம் செவ்வனே இயங்குகிறதா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கவல்ல தீங்கற்ற நுண்ணுயிர் வித்துகளைக் குறித்த கால இடைவெளியில் உள்ளே வைத்துச் சோதிப்பர். அவை இறந்திருந்தால் மற்றவையும் இறந்திருக்கும் என்பது உறுதி. பொதி ஈரமாக இருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, தரையில் விழுந்திருந்தாலோ, அதனைப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்புவர். ஈரத்தின் வழியே கிருமி உள்ளே ஊர்ந்து செல்லும் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

அரங்கில் செவிலியர் இருவகைப் பணி ஆற்றுவர். ஒருவர், கை கழுவித் தூய அங்கி அணிந்து கருவிகளை எடுத்துத் தருபவர். அவரைக் கருவிச் செவிலியர் எனலாம். மற்றொருவர், அரங்கில் நடமாடி வேண்டியவற்றைக் கொணர்ந்து தருபவர். அவரை உதவிச் செவிலியர் எனலாம். முன்னவர் தூய பொருளை மட்டுமே தொடுவார். பின்னவர் தூய பொருளின் உட்புறத்தைத் தொடவே மாட்டார். இவ்விருவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று உண்டு. அதனை இருவரும் மறவாமையே அறுவையின் வெற்றிக்கு அடிப்படை.

உதவிச் செவிலியர் பொதியைப் பிரிக்கும் முறையைக் காண்போர்க்கு இவ்வெல்லை நன்கு விளங்கும். உறையின் முதல் மடிப்பைத் தம்மைவிட்டு அப்பால் விரிப்பார்; பிறகு இரு பக்க மடிப்புகளை விரிப்பார்; தமக்கு அருகிலுள்ள மடிப்பை இறுதியில் தம் பக்கமாக இழுப்பார். இவ்வாறு செய்தால் அவருடைய கை எந்நிலையிலும் தூய பொருளுக்கு மேலாகச் செல்வதில்லை. விரித்த உறையின் ஓரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குல அகலம் தூய்மையற்றதாகவே கருதப்படும்.

கருவிச் செவிலியரும் மருத்துவரும் முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் களைவர். தலைமுடி முழுவதையும் தொப்பியால் மறைப்பர்; வாயையும் மூக்கையும் முகக்கவசத்தால் மூடுவர். நகங்கள் குறுகத் தறிக்கப்பட்டிருக்கவேண்டும். பின்னர்க் கிருமிநாசினி கொண்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, விரலிடுக்குகளையும் விடாமல் சில நிமிடங்கள் கழுவுவர். கழுவும்போது கைகள் முழங்கையைவிட உயர்ந்திருக்கும். அதனால், நீர் விரல்களிலிருந்து முழங்கையை நோக்கி வழியும்; முழங்கையின் அழுக்கு விரல்களுக்குத் திரும்பி வாராது. எவ்வளவு கழுவினாலும் தோலை முற்றிலும் கிருமியற்றதாகச் செய்ய இயலாது. கிருமிகளின் தொகையைக் குறைக்கவே இயலும். அதனாலேயே கழுவிய கையின்மேல் கையுறையும் வேண்டியிருக்கிறது.

தூய துணியால் கை துடைத்தபின் மேலங்கியும் கையுறையும் அணிவர். அங்கி முழுவதும் தூயது என்று எண்ணுதல் தவறு. மார்பிலிருந்து மேசையின் மட்டம் வரையுள்ள முன்பகுதியும், முழங்கைக்குச் சற்று மேலிருந்து தொடங்கும் கைப்பகுதியுமே தூயவை. முதுகுப்புறத்தை அணிந்தவர் தாமே காண இயலாது. காண இயலாத இடம் தூய்மையற்றதாகவே கொள்ளப்படும். ஆகவே, அங்கி அணிந்தவர் கைகளை எப்பொழுதும் இடுப்புக்கு மேலே, தம் கண்முன் வைத்திருப்பார். அக்குளில் வைத்துக் கைகட்டி நிற்கமாட்டார். தூய உடையினர் இருவர் ஒருவரையொருவர் கடந்து செல்ல நேர்ந்தால், முகத்தோடு முகமாகவோ முதுகோடு முதுகாகவோ திரும்பியே செல்வர்.

மேசையிலும் இவ்வாறே. தூய விரிப்பு போர்த்திய மேசையின் மேற்பரப்பு மட்டுமே தூயது. விளிம்பிலிருந்து கீழே தொங்கும் துணி தூயதன்று. தொங்கிய நூல் முனையை மேலே இழுத்துப் பயன்படுத்துவதும் கூடாது. கருவிச் செவிலியர், கருவிகளைப் பயன்படும் வரிசையில் அடுக்குவார். பின்னர், காஸ் துண்டுகள், ஊசிகள், கூரிய கருவிகள் ஆகியவற்றை இரு செவிலியரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவர்; உதவிச் செவிலியர் அத்தொகையை எழுதிவைப்பார். காயத்தை மூடுமுன்னும் மூடிய பின்னும் இவ்வெண்ணிக்கை மீண்டும் நிகழும். ஒன்று குறைந்தாலும் அதனைக் கண்டறியாமல் அறுவையை முடித்தல் ஆகாது.

நோயாளி அரங்கிற்கு வந்தவுடன் அவர் பெயரையும், செய்யவேண்டிய அறுவையையும், இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் உறுதி செய்வர். பக்கத்தை மருத்துவர் முன்னரே மையால் குறித்திருப்பார். நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, அறுவை நிகழும் பக்கத்துக் கையைத் தாங்குபலகையின்மேல் நீட்டுவர். அக்கையைச் செங்கோணத்திற்கு மேல் விலக்கமாட்டார்கள். விலக்கினால் தோளின் நரம்புகள் இழுபட்டு நலியக்கூடும்.

பிறகு தோலைத் தூய்மை செய்வர். குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலோ, அயோடின் கலவையோ இதற்குப் பயன்படும். வெட்டப்போகும் இடத்தில் தொடங்கி வெளிநோக்கிச் செல்வதும், வெளியே சென்ற பஞ்சை மீண்டும் நடுவிடத்திற்குக் கொண்டுவாராமையும் பொதுவிதி. கழுத்தின் அடிமுதல் விலாவின் கீழ்வரையும், மார்பின் நடுக்கோட்டிற்கு அப்பாலிருந்து அக்குள் வரையும் தூய்மை செய்வர். புற்றுநோய் என்னும் ஐயம் உள்ள கட்டியாதலின், அழுத்தித் தேய்க்காமல் மென்மையாகவே தடவுவர். கைக்குத் தென்படாத சிறு கட்டியாயின், எக்ஸ்ரே படத்தின் துணையால் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி இடத்தைக் குறித்திருப்பர். அக்கம்பி அசையாதவாறும் காக்கவேண்டும். ஆல்கஹால் கலந்த மருந்து முற்றிலும் உலரும்வரை காத்திருப்பது இன்றியமையாதது. உலராத ஆல்கஹாலில் மின்கருவியின் பொறி பட்டால் தீப்பற்றும். உலர்ந்தபின், வெட்டும் இடம் மட்டும் தெரியுமாறு தூய துணிகளைப் போர்த்துவர். ஒருமுறை போர்த்திய துணியை நடுவிடம் நோக்கி நகர்த்தமாட்டார்கள்.

கத்தி தோலைத் தொடுவதற்கு முன் அனைவரும் ஒரு கணம் பணியை நிறுத்துவர். நோயாளி யார், அறுவை யாது, எப்பக்கம் என்பவற்றை ஒருவர் உரக்கக் கூற, மற்றவர்கள் ஒப்புவர். உலக நலவாழ்வு நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் இதற்கென 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தனர். 2009-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அறுவைக்குப் பின் இறந்தோர் தொகை 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லாமல், கேட்டுச் சரிபார்க்கும் பழக்கமே இப்பயனைத் தந்தது.

அறுத்தெடுத்த கட்டியே இவ்வறுவையின் பயன். அதன் எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்தப் பக்கம் வெளிப்புறமாக இருந்தது என்பதைக் குறுநூலாலும் நெடுநூலாலும் தைத்து மருத்துவர் அடையாளம் இடுவார். உடனடியாக உறையவைத்து ஆராயவேண்டிய திசுவைப் பார்மலினில் இடலாகாது. அதனைக் காலம் தாழ்த்தாமல் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பவேண்டும். மற்றவற்றைப் பார்மலினில் இட்டுக் காப்பர். கலத்தின்மேல் நோயாளியின் பெயர், எண், பக்கம், எடுத்த நேரம் ஆகியவற்றை அப்பொழுதே எழுதுவர். பெயர்ச்சீட்டு மாறினால் ஒருவரின் நோய் மற்றொருவர் பெயரில் எழுதப்படும். அப்பிழையால் இருவர் வாழ்வு கெடும்.

இத்தனை விதிகளுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. தூயதா அன்றா என்னும் ஐயம் ஒரு பொருளைப் பற்றி எழுந்தால், அது தூய்மையற்றதே. நீண்ட நேரம் உழைத்து அடுக்கிய மேசையின் ஓரத்தில் செவிலியரின் முழங்கை பட்டிருக்கலாம். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்திருக்கலாம். அதனை வேறு எவரும் கண்டிருக்கமாட்டார். மருத்துவர் காயத்தின்மேல் கண் வைத்திருப்பார். நோயாளியோ மயக்கத்தில் இருப்பார். தொட்டவர் வாய் திறவாவிட்டால் அச்செய்தி வெளியே வாராது. ஆனால், கிருமி மட்டும் மறவாமல் தன் பணியைச் செய்யும். அந்நேரத்தில், “என் கையுறை பட்டுவிட்டது; மாற்றவேண்டும்” என்று தயங்காமல் சொல்வதே சிறந்த செவிலியரின் இயல்பு. அவ்வாறு சொல்பவரை எவரும் இகழ்வதில்லை. ஒருவர் மற்றவர் பிழையைக் கண்டாலும், அவர் எத்துணை மூத்தவராயினும், உடனே எடுத்துக்கூறுவது கடமை. இவ்வுணர்வையே அறுவை அரங்கின் மனச்சான்று என்பர்.

நீராவிக் கலத்தின் வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. அதன் செயலைச் சோதிக்க அடையாளத்தாள் உண்டு. ஆனால், மனச்சான்றை அளக்கும் கருவி இன்னும் தோன்றவில்லை. மேசைமேல் மயங்கிக் கிடக்கும் பெண், தம்மைச் சூழ்ந்து நிற்போரின் முகங்களையும் முழுவதும் அறியார். அவர்கள் கழுவிய கைகளையும், பிரித்த பொதிகளையும் சென்று பார்க்க அவரால் இயலாது. எனினும், தம் உடலை அவர்களிடம் ஒப்புவித்திருக்கிறார். செம்மல்வைஸ் கை கழுவச் சொன்னதும், லிஸ்டர் தமக்கையைக் காத்ததும் அத்தகைய நம்பிக்கையைப் பொய்க்காமல் காப்பதற்காகவே. பிறர் காணும்போது தூய்மையாக இருத்தல் எளிது. எவரும் காணாதபோதும் அதனைக் கைவிடாமையே அறுவை அரங்கு உலகிற்குக் கற்பிக்கும் பாடமாகும்.